ஸ்வாப்புக்குப் பூஜ்யம் போட்ட நாள்

போன மாதம் புது லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றும்போது, ஸ்வாப் எவ்வளவு வேண்டும் என்று திரை கேட்டது. ஓர் அளவை அதுவே தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தது. ஆனாலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

பல வருஷங்களுக்கு முன் ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்க, நானும் என் கல்லூரித் தோழியும் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எங்களிடம் இருந்தது யாரோ பயன்படுத்திக் கழித்த கம்ப்யூட்டர். மெமரியும் குறைவு, ஹார்டு டிஸ்க்கும் சின்னது. அதில் லினக்ஸ் ஏற்றிய அன்று, மெமரியைப் போல் இரண்டு மடங்கு இடத்தை ஸ்வாப்புக்கு விடச் சொன்னது. மெமரி நிரம்பினால் மிச்சத்தை இறக்கிவைக்க டிஸ்க்கில் ஓர் இடம், அவ்வளவுதான். அப்படியே விடலாம் என்றாள் அவள். டிசைன்களை வைக்கவே இடம் போதாது, சும்மா கிடக்கப்போவதற்கு எதற்கு இடம் என்றேன் நான். பேசி முடிப்பதற்குள் அவளுக்குப் பஸ் நேரம் ஆகிவிட்டது. அவள் படியிறங்கியதும் அந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டேன். மறுநாள் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொசப்பாளையத்து நெசவாளர் ஒருவர் கல்யாணப் புடவைக்கு முந்தானை டிசைன் கேட்டார். ஜோடி மயில், சுற்றிலும் கொடி. நான்கு நாள் கட்டம் கட்டமாக அவள்தான் வரைந்தாள். ஐந்தாம் நாள், சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே மெமரி நிரம்பித் திரை உறைந்து, புரோகிராம் தானாக மூடிக்கொண்டது. ஃபைலைத் திறந்து பார்த்தால் மயிலின் கொண்டை மட்டும் இருந்தது.

இன்னொரு காப்பி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நான்தாண்டி ஸ்வாப்ப எடுத்துட்டேன். அன்னிக்கி நீ பஸ்ஸுக்குப் போனப்புறம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்தது கூட பரவால்லடி. மூணு வாரமா பக்கத்துலயே குந்திகினு இருந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?"

நெசவாளர் வீட்டுக்கு நான் தனியாகப் போய் நடந்ததைச் சொன்னேன். முந்தானைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வந்தபோது அவள் பழைய டிசைன்களை சி.டி.யில் எழுதிவிட்டு, லினக்ஸை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஸ்வாப் கேட்கும் இடம் வந்ததும் கீபோர்டை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு மடங்கு போட்டேன்.

இம்முறை இடப்பக்க மயிலை அவளும் வலப்பக்க மயிலை நானும் வரைந்தோம். என் மயிலுக்குக் கழுத்து கொஞ்சம் தடித்துவிட்டது. நெசவாளர் உற்றுப் பார்த்து, ஒன்று ஆண், ஒன்று பெண்ணா என்று கேட்டார். ஆமாங்க என்றாள் அவள், சிரிக்காமல். அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிவைத்திருந்து, பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் அவள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள். நான் தனியாகவே அந்த அறையை நடத்தினேன். வேலை நிறைய வந்தது. சண்டை போடத்தான் ஆள் இல்லை.