பிரேக் அக்கா கேட்ட பெஞ்சு

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை எப்போது மிதிக்க வேண்டும் என்று தெரிந்தவள் என்பதால் சபையில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. சபைப் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் ஓட்டப் பழகியவர்கள். ஞாயிறு காலையில் புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களே காரை ஓட்டி வருவார்கள். ஆலய வாசல் வந்ததும் அவன் வலப்பக்கம், இவள் இடப்பக்கம். காரில் சேர்ந்து உட்காரலாம், கர்த்தர் சமுகத்தில் மட்டும் கூடாது! ஆலயம் கட்டிய காலத்திலிருந்து அப்படித்தானாம். கட்டிய காலத்தில் ஃபேன்கூடக் கிடையாது, அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. இளம் ஜோடிகள் ஒவ்வொன்றாக, குடும்பமாக உட்கார விடும் வேறு சபைகளுக்கு நழுவிக்கொண்டிருந்தன. பூனைக்கு மணி கட்டத்தான் ஆளில்லை.

அக்காவும் கட்டியிருக்க மாட்டாள், புருஷனுக்கு நினைவு தப்பாமல் இருந்திருந்தால். தண்ணீர் மீட்டர் பார்த்துத் தெருத்தெருவாக அலைந்த மனிதருக்கு இப்போது சொந்த வீட்டுக் கழிவறைக்கு வழி தெரியவில்லை. "சின்ன மறதிதான், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவருடைய அண்ணன் கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், சபையின் மூப்பர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முதல் பெஞ்சில் தம்பியைத் தன் அருகிலேயே உட்கார வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு, அண்ணன் வேதபாடம் வாசிக்க எழுந்துபோன நேரத்தில், தம்பி பக்கவாசல் வழியாக வெளியே நடந்துவிட்டார். இடப்பக்கம் சுவரோரம் இருந்த அக்கா எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவதற்குள் ஒரு லாரி அலறிக்கொண்டு நின்றது. லாரிக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அடுத்த ஞாயிறு அவள் நேராகப் போய் ஆண்கள் பக்கத்தில் புருஷனை ஒட்டி உட்கார்ந்தாள். ஆராதனை முடியுமுன்பே புகார் கிளம்பிவிட்டது. இளம் போதகர் பாவம், இந்தப் பக்கம் இழுத்தால் மூப்பர், அந்தப் பக்கம் இழுத்தால் அக்கா. "சபையே கூடி முடிவு பண்ணட்டும்" என்று கைகழுவினார்.

கூடினார்கள், வழக்கம்போல ஆண்கள் வலம், பெண்கள் இடம். அக்கா எழுந்தாள். "குடும்பமா உக்கார்றவங்க உக்காரட்டும், பழையபடி உக்கார்றவங்களும் உக்காரட்டும். எனக்கு இவர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், அவ்வளவுதான். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் இனிமே இங்க வர முடியாது."

"உன் ஒருத்திக்காக ஒழுங்கை மாத்தணுமா?" என்றார் மூப்பர். "அவனை நான் பாத்துக்க மாட்டேனாம்மா?"

"அன்னைக்குப் பாத்துக்கிட்டீங்களா அத்தான்?"

மூப்பர் போதகர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாற்றலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் போதகர். கார் ஓட்டும் பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். அவர்களுடைய புருஷன்மாரில் சிலர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பாதி உயரத்துக்குத் தூக்கினார்கள். பிறகு, பழையபடியே இருக்கட்டும் என்பவர்கள். மூப்பர் கை விறைப்பாக எழுந்தது. தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். தன் கையையும் தூக்கினார்.

போதகர் எண்ணி முடித்தார். பழைய வழக்கத்துக்கு ஒரு கை அதிகம்.

"பாஸ்டர், அவர் கையை எண்ணாதீங்க! அவருக்கு என்ன தெரியும்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அந்த ஒரு கை போனால் சமம். சமமானால், இளம் ஜோடிகள் போவதைப் பார்த்து மருகும் போதகர் தன் ஓட்டை அக்காவுக்குத்தான் போடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கக்கா. எண்ணவா, வேணாமா?"

வேண்டாம் என்று தலையசைத்தால் போதும், பெஞ்சு கிடைத்துவிடும். ஆனால் தன் புருஷன் இனி ஆளோடு சேர்த்தியில்லை என்று இத்தனை பேர் முன்னால் அவளே சொன்னதாக ஆகும். அவரோ தூக்கிய கையோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டவர் மாதிரி. தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"எண்ணுங்க" என்றாள். "அவரும் இந்தச் சபைதான். அவர் கையும் கைதான்."

மூப்பர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையை மெதுவாகக் காதுவரை இறக்கினார். தம்பியின் கையும் காதுவரை இறங்கியது. மறுபடி உயர்த்தினார். அதுவும் உயர்ந்தது. சின்ன மறதி என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதரின் வாய் கோணிக்கொண்டு வந்தது.

மூப்பர் கையை மடியில் போட்டார். தம்பியும் போட்டார்.

"பாஸ்டர், திரும்ப எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து பெஞ்சைவிட்டு விலகி நின்றார். "நீ வந்து உக்காரும்மா. என்னால இவனைப் பாத்துக்க முடியல."