வாசல் விளக்கின் பொத்தான்

எங்கள் தெருவில், ஏன், ஆம்பூரிலேயே என்றுகூடச் சொல்வேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசல் விளக்கைப் போட்டு அணைத்த முதல் ஆள் என் அக்காதான். யாராவது மறுத்தால் நேரில் வந்து சண்டை போடத் தயார். இன்று கடைகளில் 'ஸ்மார்ட் ஹோம்' என்று போர்டு வைத்துக்கொண்டு, விற்பனையாளர் எனக்கே அதை விளக்கும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அக்காவுக்குச் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதம். இரண்டு கால்களும் வழங்காது. வீட்டுக்குள் சக்கர நாற்காலிதான். ஆனால் அவளிடம் பரிதாபம் காட்டிவிட்டு யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. கணக்கு டியூஷன் எடுப்பாள். ஊரில் என்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிற பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். நாற்பதைத் தாண்டியபோது தோளிலும் வலு குறைந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. எங்கள் வீடோ நிற்கிறவர்களுக்காகக் கட்டியது. மரப்பலகையில் கறுப்பு உருண்டை சுவிட்சுகள், ஆள் உயரத்தில். அதனால் அம்மாதான் அவளுக்கு சுவிட்ச். "அம்மா, லைட்டு" என்றால் விளக்கு எரியும். "அம்மா, ஃபேன்" என்றால் காற்று வரும்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் வாசல் விளக்கைப் போடுவாள். போகிறவர் தெருமுனை திரும்பும்வரை கதவோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அணைப்பாள். "ஆளு திரும்பறதுக்குள்ள அணைச்சா, இனிமே வராதேன்னு சொன்ன மாதிரிடா" என்பாள். பால்காரர் போனாலும் இதே மரியாதைதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அம்மா போய்விட்டாள். தினமும் வந்து சமைத்துவிட்டுப் போக ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தோம். மாலையில் அக்கா தனி. ஒருநாள் இருட்டும் நேரத்தில், ஒரு நீளக் குச்சியால் சுவிட்சைத் தட்டப் போய் நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். சென்னையிலிருந்து அண்ணன் வந்தார். அவர் பாங்க் அதிகாரி. எதையும் பைல் போல மூடி முடிக்கிற பழக்கம்.

"வீட்டப் பூட்டிடலாம். என் கூட வந்துடட்டும்" என்றார்.

"நான் எங்கயும் வரல" என்றாள் அக்கா.

"என் வீட்டுக்கு வாக்கா, ரயில்வே லைன் தாண்டினா வந்துடப் போவுது" என்றேன் நான்.

"உன் வீட்லயும் நான் விருந்தாளிதான்டா. இங்கதான் நான் வீட்டுக்காரி."

கடைசியில் அண்ணன் கிறிஸ்மஸ் வரை தவணை கொடுத்தார். அதற்குள் அவளால் தனியாக இருக்க முடியும் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் சென்னை. அவர் சொன்னது அக்காவிடம், பார்த்தது என்னை. நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். தையல் லைன் முழுக்க என் கையால் ஓடுகிறது என்ற திமிர் எனக்கு உண்டு. நாலு ரூம் வீடு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதலில் சுவிட்ச் போர்டுகளை எல்லாம் நாற்காலி உயரத்துக்கு இறக்கினேன். ஆனால் கட்டிலில் இருக்கிறவளுக்கு அதனால் என்ன பயன்? அடுத்து, நடைவழியில் ஆள் அசைந்தால் எரிகிற சென்சார் ஒன்றை மாட்டினேன். அக்கா விடைத்தாள் திருத்துகிற மேசை அந்த வழியில்தான். கணக்கில் மூழ்கினால் அவள் சிலை. விளக்கு அணைந்துவிடும். கையை ஆட்டிக் காட்டினால் மறுபடி எரியும். "பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்குடா" என்றாள்.

பிறகு ஹாலுக்குக் கை தட்டினால் எரிகிற விளக்கு. இரண்டு தட்டு தட்டினால் எரியும், இன்னும் இரண்டு தட்டினால் அணையும். அக்காவின் கைக்கு அது சுலபம். வாரக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்தது. நான் கம்பெனியில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவின் நினைவு ஜெபக்கூட்டம் வந்தது. எங்கள் சபை பழைய சபை. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி, அடக்கமாகப் பாடுவோம். கைதட்டல் எல்லாம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவோடு சரி. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் வீட்டுக்கு சுவிட்ச் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் சித்தி வேறு சபைக்கு மாறியிருந்தார். அங்கே கை தட்டாமல் பாட்டே கிடையாது. அவர் தன் சபைப் பெண்கள் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் பாட்டின் பல்லவியிலேயே ஹால் விளக்கு அணைந்தது. பிறகு எரிந்தது. பிறகு தாளத்துக்கு ஏற்ப எரிந்து எரிந்து அணைந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உற்சாகமாகத் தட்டினார். போதகர் பைபிளை எந்த வெளிச்சத்தில் திறப்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் தோள் குலுங்கியது.

அண்ணனும் வந்திருந்தார். "இத நம்பி இவள விட்டுட்டுப் போவணுமா?" என்றார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் அக்கா சொன்னாள். "இந்த சாமான் எல்லாமே என்னப் பாத்து யூகிக்குது. அசைஞ்சா இருக்கேன், சத்தம் போட்டா வேணும்னு. எனக்கு அது வேணாம். நான் சொன்னா செய்யணும். சொல்லாத வரைக்கும் கம்முனு இருக்கணும். அவ்ளோதான்."

அதன் பிறகுதான் உருப்படியான வேலை தொடங்கியது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அலைந்து ரிமோட் பெட்டிகளைப் பார்த்தேன். டிவி ரிமோட் போல நேராகக் காட்டினால்தான் வேலை செய்யும் வகை கம்மி விலை. அதை வாங்கி வந்து மாட்டினால், டிவியில் சத்தத்தைக் கூட்டும்போது ஃபேன் நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டு, ரேடியோ அலையில் சுவர் தாண்டி வேலை செய்கிற வகையை வாங்கினேன். படுக்கையறை, ஹால், சமையலறை, வாசல் விளக்குகள் நான்குக்கும், ஃபேனுக்கும் சேர்த்து ஐந்து பெட்டி, ஒரே ரிமோட். கரண்ட் போனாலும் இந்த விளக்குகள் மட்டும் எரிய ஒரு சின்ன இன்வெர்ட்டர்.

அப்போதும் ஒரு பேஜார். பழைய டியூப் லைட்டுகள் கண் சிமிட்டிச் சிமிட்டித்தான் எரியும். பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் பெரிய டிரம் ஓட ஆரம்பித்து வோல்டேஜ் இறங்கினால் இன்னும் தாமதம். அக்கா பொத்தானை அழுத்துவாள், எரியவில்லையே என்று மறுபடி அழுத்துவாள். எரியப் போன விளக்கு அணைந்துவிடும். டியூப்களைக் கழற்றிவிட்டு, போட்டதும் எரிகிற சிஎஃப்எல் பல்புகளாக மாற்றினேன். விளக்கையும் சுவிட்சையும் தனித்தனியாக வாங்கினால் அவை ஒன்றோடொன்று பேசாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

"எல்லாம் சரி" என்றாள் அக்கா, ரிமோட்டைக் கையில் உருட்டியபடி. "இருட்டுல எல்லா பொத்தானும் ஒண்ணாத்தானே இருக்கு. எது எதுன்னு எப்டித் தெரியும்?"

இதற்கு விடை ரிச்சி தெருவில் இல்லை, என் கம்பெனியின் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்தது. பொத்தான் அளவுக்குத் தோல் துண்டுகளை வெட்டி ஒட்டினேன். படுக்கையறைக்கு வழவழப்பான தோல். ஹாலுக்குச் சுருக்கம் விழுந்த தோல். சமையலறைக்கு ஓட்டை குத்திய தோல். வாசலுக்கு, பூனை முதுகு போல மெத்தென்ற ஸ்வேட். ஃபேனை வெறும் பிளாஸ்டிக்காகவே விட்டேன். தையல் லைன் பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் வாரும், ரிமோட்டுக்கு உறையும் தைத்துக் கொடுத்தார்கள், ஏற்றுமதி ஷூவுக்குப் போடுகிற அதே நேர்த்தியான தையல். அதைப் போட்டுக்கொண்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்றுவரை நான் செய்த வேலைகளில் அதற்கு இணையாக எதையும் சொல்லமாட்டேன்.

கிறிஸ்மஸ் அன்று அண்ணன் வந்தார். மாலை ரயிலுக்கு அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டே வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஆபீஸ் இன்ஸ்பெக்ஷன் போல வீட்டைச் சுற்றினார். மெயினை அணைத்துப் பார்த்தார். இன்வெர்ட்டர் விளக்குகள் அசையவில்லை. மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு, அக்காவின் ரிமோட்டைக் கையில் வாங்கி, "இன்னா இது, தோலா?" என்றார்.

"கண்ண மூடிக்கோ" என்றாள் அக்கா. "தடவிப் பாத்து சமையலறை லைட்டப் போடு."

அவர் தடவி அழுத்தினார். ஃபேன் நின்றது. அக்கா ரிமோட்டைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு அறையாகச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அண்ணன் வாட்சைப் பார்த்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. "உன் பெட்டிய எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நான் வரலண்ணா."

"சரி. பொங்கலுக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன். அப்ப பேசுவோம்" என்று தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். விட்டுக்கொடுக்காத ஆள். இவ்வளவு செய்தும் இப்படியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷன்வரை அவரோடு போக நானும் ஆட்டோவில் ஏறினேன். பொழுது நன்றாக இருட்டியிருந்தது. ஆட்டோ நகர்ந்ததும் வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா, கை கழுத்து வாரில் தொங்கிய ரிமோட்டில். அண்ணன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தார். ஆட்டோ தெருமுனை திரும்பிய அந்த நொடியில், எங்களுக்குப் பின்னால் விளக்கு அணைந்தது.

ஸ்டேஷன் வெளிச்சம் தெரிந்த பிறகு, அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதக் கவுண்டர்ல கேன்சல் பண்ணிடு" என்றார். "அந்த ரிமோட்டு இன்னொண்ணு வாங்கி வைடா. இது கெட்டுப் போச்சுன்னா அவ இன்னா பண்ணுவா?"