யாரு துண்டு போட்டது?

“யாரு துண்டு போட்டது?”

இப்படிக் கேட்டுக்கொண்டு பானுமதி தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தால், கூடத்தில் இருக்கும் ஏழு பேரும் அவரவர் திரையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அவர் அவசரப்பட மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு திரையிலும் இடது ஓரத்தை மட்டும் பார்ப்பார். அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு பென்சில் படம் தெரிந்தால் அந்த மேஜைக்காரர் அகப்பட்டார். “டீ குடிக்கப் போனா துண்டை எடுத்துக்கிட்டுப் போங்க. இது சத்திரம் பஸ் ஸ்டாண்டு இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

தென்னூரில் இருக்கும் ஒரு ரத்த வங்கி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அங்கே போகிறேன். தானம் என்று அதற்குப் பெரிய பெயர். எனக்கென்னவோ அந்தக் கூடத்து மூலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பானுமதியை வேடிக்கை பார்ப்பதில் தனி ருசி உண்டு.

அங்கே சேரும் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் சர்வரில் ஒரு வரி இருக்கிறது. கொடுத்தவர் யார், என்ன வகை, எந்த நோயாளிக்குப் போகிறது என்ற விவரமெல்லாம் அந்த வரியில் இருக்கும். கூடத்தில் ஏழு, பானுமதியின் அறையில் ஒன்று என்று எட்டுக் கம்ப்யூட்டர்களும் அந்த ஒரே பதிவேட்டுக்குள்தான் எட்டிப் பார்க்கின்றன. ஒருவர் ஒரு வரியைத் திறந்து ஓர் எழுத்து அடித்தால் போதும், அவர் திரையில் பென்சில் வந்துவிடும். அவர் அதைச் சேமிக்கும்வரை, அல்லது வேண்டாம் என்று விடும்வரை, மற்றவர்களுக்கு அந்த வரி பூட்டு. ‘வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று மட்டும் திரை சொல்லும். அந்த வேறொருவர் யார் என்று சொல்லாது.

இந்தத் திரைப் படிவங்களைச் செய்தவரே பானுமதிதான். பதினாறு வருடத்துக்கு முன்னால் பேரேடு எழுதச் சேர்ந்தவர், ஆறு மாத வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்தாராம். புதிது வாங்கலாம் என்று நிர்வாகம் இரண்டு முறை ஆள் கூட்டி வந்து காட்டியது. “நல்லாத்தான் இருக்கு. கலர் கலரா இருக்கு” என்று சொல்லி இரண்டு முறையும் அனுப்பி வைத்தார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் பஸ்ஸில்தான் தொடங்கும். “ஜன்னல் வழியா சீட்டுல துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம்ல, அதேதான் இது. ஆனா இதுல ஒரு கூத்து இருக்கு. ஒரு சீட்டுல போட்டா, முன்ன பின்ன இருக்கிற நாலஞ்சு சீட்டையும் சேத்துப் பிடிச்சுக்கும். உங்க பை மட்டும் இல்ல, அக்கம்பக்கத்துப் பையும் மாட்டிக்கும்.” அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவர், கையிலிருப்பதைச் சேமித்துவிட்டு, கூடம் கேட்க “விட்டாச்சு” என்று சொல்ல வேண்டும். கண்ணாடி அறையிலிருந்து பானுமதி “சரி” என்பார். அந்த ‘சரி’ வராமல் யாரும் கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை. முதன்முதலாக ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள், இவர்கள் எதை விட்டார்கள் என்று தெரியாமல் விழிப்பார்கள். நானும் விழித்திருக்கிறேன்.

துண்டின் மேல் அவருக்கு இருக்கும் பகை வெளியிலும் உண்டு. வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். மாலையில் சத்திரத்தில் பஸ் ஏறும்போது காலிச் சீட்டில் துண்டு கிடந்தால், அதை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆள் வந்து முறைத்தால், “துண்டு பத்திரமா இருக்குங்க, இந்தாங்க” என்று கொடுப்பார். எழுந்திருக்க மாட்டார். திருவானைக்காவல் வரைக்கும் சண்டை நடந்த நாளும் உண்டு என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் நான் போன அன்று எனக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் சாப்பிடாமல் போனது காரணமாக இருக்கலாம். ரத்தம் எடுத்து முடித்து எழுந்தவனுக்குக் கண் இருட்டியது. கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டுக் கூடத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பானுமதி தன் அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். என்னைப் படுக்கவைத்து, காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, எலுமிச்சை ஜூஸில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரைத்துத் தந்தார். “சாப்பிடாம வந்து வீரம் காட்டாதீங்க” என்று ஒரு திட்டும் கிடைத்தது. மதியம்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. படுத்துக் கிடந்தேன். அவரும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணி இருக்கும். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். சுடலைமுத்து என்று பெயர், துறையூர் பக்கம் விவசாயம். மகள் ரஞ்சனிக்கு மன்னார்புரத்தில் ஒரு மருத்துவமனையில் காலையில் பிரசவமாகி, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இரண்டு பை வேண்டும். குளிர்பெட்டியில் அந்த வகையில் இருந்ததே இரண்டு பைதான். பொருத்தம் பார்த்து எடுத்து வைத்துவிட்டார்கள். வழங்கும் மேஜையில் இருக்கும் மீரான் பை எண்ணை அடித்து, நோயாளி பெயரை அடித்து, சேமிக்கப் போனார். திரை பூட்டிக்கொண்டது.

“அக்கா, மாட்டிக்கிச்சு.”

“யாரு துண்டு போட்டது?” பானுமதி என் கட்டிலை விட்டு எழுந்து நடந்தார். முதல் திரை, இரண்டாவது திரை, ஏழாவது திரை. பென்சில் மருந்துக்குக்கூட இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வந்தார். இந்த முறை குரல் ஏறியது. “யாராவது பண்ணிட்டு மூடி மறைக்கிறீங்களா? ஒரு உசுரு காத்துக்கிட்டு இருக்கு. மீரான், நீங்கதானே போன வாரமும்?”

“இன்னிக்கு நான் எழுந்திருக்கவே இல்லக்கா” என்றார் மீரான். அவர் முகம் சிறுத்துப்போனது. எனக்குப் பானுமதி மேல் கோபம் வந்தது.

சுடலைமுத்து மேஜைமேல் இருந்த பைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பைதான் கண்ணுக்கு முன்னால இருக்கேம்மா. ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்கம்மா. கைநாட்டு வேணும்னாலும் வச்சுட்டுப் போறேன்.”

“முடியாதுங்கய்யா” என்றார் பானுமதி. சுவரில் அவரே ஒட்டிய தாள் இருந்தது: கையால் எழுதிய சீட்டுக்கு ரத்தம் கிடையாது. முன்பு ஒருநாள், ஒரே வார்டில் இரண்டு பொன்னுத்தாய்கள் இருந்ததில், கைச்சீட்டோடு போன பை ஆள் மாறி ஏறப் பார்த்தது. ஒரு நர்ஸ் கவனித்துத் தடுத்தார். அன்றிலிருந்து வரி சேமிக்கப்பட்டு மிஷினில் சீட்டு அடித்தால்தான் பை வாசலைத் தாண்டும்.

“சர்வரை அணைச்சுப் போட்டுடலாமாக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒருதடவ அணைச்சோம். ஃபைலே கெட்டுப்போயி ரெண்டு நாள் ஒரு பை வெளிய போகல. மறந்துடுச்சா?”

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிருந்தது. சுடலைமுத்துவின் போன் அடித்தது. “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று மட்டும் சொல்லி வைத்தார். நின்ற இடத்திலேயே நின்றார். அந்தப் பத்து நிமிடமும் என் ரத்தம் வேறு வகையாகப் போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜோதி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பைகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். எழுந்து நின்று, “அக்கா…” என்றாள்.

“என்ன?”

“உங்க ரூம்ல பாத்தீங்களாக்கா?”

பானுமதி அவளைப் பார்த்தார். அப்புறம் விடுவிடுவென்று உள்ளே போனார். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது: இருண்டிருந்த திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, அவர் குனிந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார்.

“வந்துடுச்சு!” என்று கத்தினார் மீரான். சீட்டு அடித்து வெளியே வந்தது. பைகள் ஐஸ் பெட்டிக்குள் போயின. சுடலைமுத்து யாருக்கும் நன்றி சொல்ல நிற்காமல் ஓடினார். அது நியாயம்தான்.

பானுமதி வெளியே வந்தார். “நான்தான்” என்றார். “தர்மராஜ்னு ஒருத்தர், போன வாரம் ரத்தம் குடுத்தவரு, போன் நம்பர் மாத்தணும்னாரு. ஒரு எழுத்து அடிச்சுட்டு எழுந்துட்டேன். அவரு பை இதுக்கு ரெண்டு வரி மேல.” அவ்வளவுதான் சொன்னார். அவர் ஏன் எழுந்தார் என்பது எனக்குத் தெரியும். என் தம்ளர் உருண்ட சத்தத்துக்குத்தான். ஒரு வாய் அதைச் சொல்லியிருந்தால் பழி பாதி என் பக்கம் வந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோபப்பட்டேன் என்று சொன்னேனே, அதை நினைத்து அங்கேயே கூசிப்போனேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கூடத்துத் திரைகள் எல்லாம் நடைவழியைப் பார்த்திருக்க, அவர் திரை மட்டும் சுவரைப் பார்த்திருந்தது. அங்கே போய்ப் பென்சில் தேட இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் மீரானிடம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போன் போடச் சொன்னார். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை பேசிவிட்டு மீரான் சொன்னார்: “ரெண்டாவது பை ஏறுதாம்க்கா. ரத்தப்போக்கு நின்னுடுச்சாம். பயமில்லையாம்.” பானுமதி தலையை மட்டும் அசைத்தார். சற்று நின்று, “போன வாரமும்னு கேட்டேன்ல, அதை மனசுல வச்சுக்காதீங்க மீரான்” என்றார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு வேளை. ஒவ்வொருவராக “விட்டாச்சு” சொல்லி எழுந்து கூடத்து வாசலில் சேர்ந்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து ஒவ்வொருவருக்கும் “சரி” வந்தது. கடைசியாகப் பானுமதி டிபன் டப்பாவோடு எழுந்தார். கதவுவரை வந்தவர் திரும்பிப் போய்த் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் அறை வாசற்படியில் வந்து நின்று, கூடம் கேட்க, “விட்டாச்சு” என்றார்.

அதற்கு யார் பதில் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பானுமதி டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஜோதி “சரிக்கா” என்று சொல்லும்வரை அந்தப் படியிலேயே நின்றார்.