பென்னாகரம் மும்தாஜும் ரேஸ் படகின் ரெட்டை டர்போவும்

மும்தாஜ் இறந்துவிட்டார். இன்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சுவலி... தருமபுரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப் குரூப்பில் "லேத் பட்டறை காதர் பாய் மனைவி காலமானார்" என்று போட்டிருக்கிறார்கள். பெயர்கூட இல்லை.

மனைவிதான், மறுக்கவில்லை. ஆனால் காதர் பாய் வைத்துவிட்டுப் போனது ஒரு லேத் மெஷின் மட்டும். லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் டர்போ பழுது பார்க்கிற வேலை மும்தாஜ் தானாகப் பிடித்தது... கழற்றிக் கழற்றி மாட்டிக் கற்றது.

நான் அங்கே பதினோரு வருஷம் வெல்டராக இருந்தேன். வயதில் மூத்தவன் என்பதால் என்னை "அண்ணே" என்பார், நான் "மொதலாளி" என்பேன்.

முதல் வாரமே என் வேலையைத் தூக்கி எதிரில் வைத்தார். "அண்ணே, இது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற வெல்டுங்க. இது எஞ்சினு. வெட்டிட்டு மறுபடி அடிங்க."

வெட்டினேன். மறுபடி அடித்தேன். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

அப்புறம் அந்தப் படகு. பெங்களூர்க்காரர் ஒருவருடைய ரேஸ் படகு, ட்ரெய்லரில் ஏற்றி வந்தார்கள். பரிசல் பார்த்தே பழகிய ஊர்... பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதற்கு இரண்டு டர்போ வைக்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. புகை வெளியேறும் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தருகிற சாமான்தான் டர்போ. அது தேயாமல் சுற்ற எஞ்சின் ஆயில் அதற்குள் ஓடி, தானாகவே இறங்கி எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். பெரிய கம்பெனிகள் ஆறு மாதம் ஆகும் என்று சொன்னதால், ஒரு லாரி டிரைவர் சொன்ன பேச்சை நம்பி இங்கே வந்திருந்தார்கள்.

கூட வந்த எஞ்சினியர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, மெக்கானிக் எங்க?"

"நாந்தாங்க. டிராயிங்க குடுங்க."

டிராயிங்கைப் பார்த்ததுமே சொன்னார். "டர்போவ இவ்ளோ பின்னால, இவ்ளோ கீழ வெச்சா ஆயில் திரும்பி எறங்காதுங்க." எஞ்சினியர் கேட்கவில்லை. டிராயிங்படியே செய்யச் சொன்னார். செய்தோம்.

மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிற நாகமரையில் இறக்கி ஓட்டினார்கள். வேகம் எடுத்ததும் படகு மூக்கைத் தூக்கியது... பின்னால் நீலப் புகை. ஆயில் எரிகிற புகை.

எஞ்சினியர் கரை ஏறியதும் எல்லோர் முன்னாலும் சொன்னார். "லாரி மெக்கானிக்கிட்ட குடுத்தா இப்படித்தான் ஆகும்."

"படக பட்டறைக்குக் கொண்டாங்க" என்றார் மும்தாஜ், அவ்வளவுதான்.

பட்டறையில் ட்ரெய்லரின் முன்பக்கத்துக்கு ஜாக்கி வைத்தார். ஓடும்போது எவ்வளவு மூக்கு தூக்குமோ அவ்வளவு தூக்கினார். டர்போவுக்கு மேலே ஆயில் வருகிற பைப்பைக் கழற்றி, ஒரு கப் ஆயிலை மெதுவாக ஊற்றினார்.

ஆயில் இறங்கவில்லை. அப்படியே நின்றது.

"பாருங்க சார். சமமா ஓடற காருக்குப் போட்ட டிராயிங்குங்க இது. படகு மூக்கத் தூக்குனா டர்போ பள்ளத்துல போயிருது. ஆயிலு எப்படி மேல ஏறிப் போவும்?"

எஞ்சினியர் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேஸுக்கு நாள் இல்லை, எப்படியாவது ஒட்டுப்போட்டுக் கொடுங்கள் என்றார்.

"ஒட்டுப்போட மாட்டங்க. ரெண்டையும் முன்னால நகத்தி, மேல தூக்கி வெக்கறன். பத்து நாள் வேணும். இல்லாட்டி இப்பவே வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்க."

பெங்களூர் ஓனர் படகை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளும் நான் அடித்த வெல்டு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டை வெட்டச் சொன்னார். இந்தமுறை எனக்குக் கோபம் வரவில்லை.

மறுபடி நாகமரை. இந்தத் தடவை லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவரே படகில் ஏறினார். நீச்சல் தெரியாது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எஞ்சின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மூக்கு தூக்கியது. புகை இல்லை. எதிர்க்கரை வரைக்கும் போய்த் திரும்பியது... புகையே இல்லை.

கரைக்கு வந்ததும் எஞ்சினியர், டர்போ தருகிற காற்றழுத்தத்தைக் கூட்டலாமா என்று கேட்டார். "மேடம், பூஸ்ட் இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?"

"ஏத்தலாங்க. எஞ்சின் தாங்காது. நான் எறங்கிக்கறன், நீங்க ஏத்திக்கிட்டுப் போங்க."

யாரும் ஏற்றவில்லை.

ரேஸில் படகு இரண்டாவதாக வந்தது. யூடியூப் பேட்டியில் எஞ்சினியர் "எங்க டீம் டிசைன்" என்றார். நான் போனைத் தூக்கிக்கொண்டு மொதலாளியிடம் ஓடினேன், கமென்ட்டில் கிழிக்கிறேன் என்று.

"வுடுங்கண்ணே. எம்பேரு அதுலயே இருக்குது."

டர்போ உட்காரும் பைப்பின் அடிப்பக்கம், மாட்டுவதற்கு முன்னால், இரும்பில் எழுத்துப் பதிக்கிற பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார். மும்தாஜ், பென்னாகரம். ஒவ்வொரு எழுத்தாக. பக்கத்திலேயே நின்று வெல்டு அடித்த எனக்கே அன்றுதான் தெரியும்.

"யாராச்சும் ஒருநாள் கழட்டித்தானுங்களே ஆவணும்" என்றார். சிரிக்கவில்லை.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து அடக்கம். இப்போது நான் வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து கிளம்பி, பாலக்கோடு தாண்டிவிட்டேன்... ஒரு பிடி மண் போட வந்துவிடுவேன்.

தல நிமிந்தே போங்க, மொதலாளி.