கழுவப் பயந்த தங்கக் காசுகள்

செபஸ்தி மாமா, உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் கோயில் அன்பியக் கூட்டத்து அக்காமாரே, அண்ணன்மாரே, என் பெயர் அமலி. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செபஸ்தி மாமா என் வீட்டுக்காரர். அவர் இறந்தபோது எனக்கு வயிற்றில் ஆறு மாதம்.

மாமாவிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. இடித்த வீடுகளின் மண்ணில் கம்பி, பித்தளை தேடி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற பெண்கள் தோடு, மூக்குத்தி தொலைத்துவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். சில நாள் நானும் கூடப் போவேன். பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"ஏப்பா மிஷினு, எம்புருசன் புத்தி எங்கிட்டுக் கெடக்குன்னு செத்த தேடிக் குடுத்துட்டுப் போப்பா."

"இருக்கிற பொருளுக்குத்தேன் இது கூவும்க்கா. இல்லாததுக்கு எப்படிக் கூவும்?" என்பார் மாமா. வரப்பு முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

ஆடி மாதக் கடைசியில் திண்டுக்கல் டவுனில் ஒரு பழைய வீட்டை இடித்து, அந்த மண்ணை எங்கள் ஊர் ரோட்டோரப் பள்ளத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். கம்பி பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்று மாமா காலையில் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்து கதவைத் தாழ் போட்டார். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதன் வாய் சுண்ணாம்புக் காரையால் அடைக்கப்பட்டிருந்தது.

துண்டை விரித்து, காரையை உடைத்துக் கொட்டினார். காசுகள். பதினொன்று. எல்லாவற்றிலும் சுண்ணாம்பும் சொம்பின் பச்சைக் களிம்பும் அப்பியிருந்தது. உரசிய இடத்தில் மஞ்சளாக மின்னியது. கூட இரண்டு மோதிரம். ஒன்றின் கல்லில் ஒட்டியிருந்ததை விரலால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது கண்ணைக் குத்தியது.

"வைரம் புள்ள. கண்ணாடி இப்பிடிக் குத்தாது."

"கழுவிப் பாப்போம் மாமா" என்று குவளையில் தண்ணீர் எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"கழுவாத! கழுவுனா அது கண்ணு முழிச்சிக்கிரும்."

"எது?"

"காவல் காக்குறது."

சின்ன வயதில் மாதா கோயில் பூசைக்கு மணியடித்தவர் அவர். ஆனாலும் எங்கள் பக்கம் எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறோம். புதையல் எடுத்தவன் வீட்டில் காவு விழும், அதுவும் தலைப்பிள்ளையைத்தான் கேட்கும் என்று. நானும் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து பரணில் வைத்தோம்.

சாயங்காலம்தான் அவர் காலைப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமா."

"எங்க குத்துச்சுன்னு கேப்பாக. என்னத்தச் சொல்ல? சொன்னா ஊரே அங்க போய்க் கிண்டும். ரெண்டு நாள்ல ஆறிரும், விடு."

மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார். காயம் ஆறித்தான் போனது. நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

பத்தாம் நாள் காலை இட்லியை வாயில் வைத்தவர் மெல்லவில்லை. "தாடை பிடிக்குது புள்ள" என்றார். சாயங்காலத்துக்குள் வாயே திறக்கவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது. சொம்பு விஷயத்தை அவர் தன் அம்மாவான என் அத்தையிடமும் சொல்லியிருந்தார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "அய்யோ, காவலுக்கு இருந்தது எம்மகன் வாயைக் கட்டிருச்சே" என்று அழுதது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், பேய் ஓட்டுகிற கோடாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனோம். இதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்திருந்தது நான்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடுக்கை அடிக்க அடிக்க அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பூதம் ஆடுகிறது என்றார்கள். ஒரு முழு நாள் அங்கே போய்விட்டது. அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. நாலு நாள் இருந்தார். ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்குக்கூட உடம்பு துடித்தது. ஐந்தாம் நாள் என் மாமா போய்விட்டார்.

டாக்டர் என்னிடம் ஏதோ சொன்னார். ஆணி, ஊசி என்று காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அத்தை மறுபடி கோடாங்கியிடம் போய் வந்தது.

"ஒண்ணு போச்சாம். அடுத்தது ஒன் வயித்துல இருக்கிறதுதேன். ஒரு மண்டலத்துக்கு ஒன் மேல இரும்பு படக்கூடாதாம். முடிச்ச அவுக்கக்கூடாது. நாப்பத்தெட்டு நாள் கழிச்சு எடுத்த எடத்துலயே ரத்தம் குடுத்துப் பொதைக்கணுமாம்."

அன்று என்னைப் பிடித்த பயத்தை எப்படிச் சொல்வது? அரிவாள்மனையைத் தொடமாட்டேன். வெண்டைக்காயைக் கையால் ஒடித்துத்தான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைப்பேன். சேலைக்கு ஊக்கு குத்தமாட்டேன். பரணுக்கு நேர் கீழே நடக்கமாட்டேன். எலி ஓடினாலும் துணி முடிச்சு அசைகிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டால் ஆண்டவர் ஞாபகம் வராது, பரண்தான் ஞாபகம் வரும்.

எனக்கு இரண்டாவது தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஊசியும் இரும்புதானே? வீடு வீடாக வருகிற கிராம நர்ஸம்மா வண்டிச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஒளிந்துகொள்வேன். மூன்று தடவை வந்தார்.

"எங்கம்மா ஒம்மருமக?"

"ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா."

"போன தடவையும் ஆத்தா வீடு. அவ ஆத்தா வீடு என்ன அமெரிக்காவுலயா இருக்கு? பிரசர் பாக்கணும்மா, வெளையாடாதீக."

நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே நின்றேன்.

நாற்பத்தொன்றாம் நாள். புரட்டாசி மழை பிடித்திருந்தது. ஒரு வாரமாகவே கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது. கண் முன்னால் மின்மினி மாதிரிப் பறந்தது. அன்று காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். படுத்துப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணி குடித்துப் பார்த்தேன். அசைவு இல்லை.

"கேட்டுருச்சுடி, கேட்டுருச்சு" என்று அலறிக்கொண்டு அத்தை மழையோடு கோடாங்கி வீட்டுக்கு ஓடியது. நான் தனியாக இருந்தேன்.

மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டேன். ஜெபமாலை சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியாது. நான் உம்மை விட்டு அந்தத் துணி முடிச்சைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளையைக் கொடும். அதற்கு முன்னால் இந்தப் பயத்தை எடும். பயத்தோடு என்னால் ஒரு அடி வைக்க முடியவில்லை." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு செபம் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் வரவில்லை. மழைச் சத்தம்தான். ஆனால் எழுந்தபோது என் கால் பரணுக்கு நேராகப் போனது. ஸ்டூல் போட்டு முடிச்சை எடுத்தேன். அவிழ்த்தேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி, விளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். "இயேசுவே, இயேசுவே" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

களிம்பு போனது. காசின் ஒரு பக்கம் ரோஜாப்பூ. மறுபக்கம் டவுனில் இருக்கிற ஒரு நகைக்கடையின் பெயர். தமிழில். பதினொரு காசிலும் அதே பெயர். இரண்டு மோதிரத்தையும் கழுவினேன். ஒன்றின் உள்பக்கம் பொடி எழுத்தில் "சூசை – ஆக்னஸ்" என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை.

அது யாரோ கல்யாணத்தில் போட்ட மோதிரம். கோயிலில் ஒரு ஃபாதர் கை வைத்து ஆசீர்வதித்த மோதிரம். அதைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாள் நடுங்கினேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது அப்போதுதான் மனதில் ஏறியது. "ஆணி குத்துன அன்னைக்கே ஒரு ஊசி போட்டிருந்தா உங்க வீட்டுக்காரர் நடந்து வீட்டுக்கு வந்திருப்பாரும்மா." என் மாமாவைக் கொண்டுபோனது பூதம் இல்லை. ஆணியும் எங்கள் பயமும்தான்.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். "நர்ஸம்மா, நான் ஆத்தா வீட்டுல இல்ல. இங்கதேன் இருக்கேன். பிள்ள அசையல."

"எனக்குத் தெரியாதாக்கும், நீ எங்க இருந்தன்னு! அழுவாத. படுத்துக்க, இடது பக்கமா. இந்தா வாரேன்."

பத்து நிமிடத்தில் மழையில் நனைந்து வந்து நின்றார். பிரசர் பார்த்தவர் முகம் மாறியது. உடனே ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை ஊசி குத்தினார்கள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் "நன்றி ஆண்டவரே" என்றேன். அன்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. முதலில் அழவில்லை. நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நாளைக்கு வந்திருந்தால் ரெண்டு உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னார்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு பங்கு ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா அமலி, பூதம் டவுனுக்கு வந்து நகைக்கடையில வரிசையில நின்னா வாங்குச்சு?"

பக்கத்தில் நின்ற அத்தை அழுதுகொண்டே சிரித்துவிட்டது.

கோயில் கல்யாணப் பதிவேட்டில் அந்தப் பெயர்களைத் தேடி, ஃபாதரே விசாரித்துக் கண்டுபிடித்தார். ஆக்னஸ் ரிட்டயரான டீச்சர், இப்போது டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த இடித்த வீடு அவர்களுடையதுதான். அவர் வீட்டுக்காரர் சூசை திருட்டுப் பயத்தில் நகையைச் சொம்போடு சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறார். பிறகு மறதி வியாதி வந்து, வைத்த இடம் தெரியாமலே இறந்துவிட்டார். டீச்சர் தன் சின்ன மகன் எடுத்துவிட்டான் என்று நினைத்து அந்த மகனை வீட்டைவிட்டே விரட்டியிருக்கிறார்.

மோதிரத்தைக் கையில் வாங்கிய டீச்சர் விரலில் போடவில்லை. முதலில் போனைத்தான் எடுத்தார். "ஏலே, வீட்டுக்கு வாடா. நீ எடுக்கலடா. நீ எடுக்கல. அம்மாவ மன்னிச்சிருடா."

கிளம்பும்போது ஒரு காசை என் மகள் கையில் வைத்து மூடினார். நான் பின்வாங்கினேன். "பயப்படாதம்மா. இது நானாத் தாரது" என்றார்.

இப்போது அந்த மிஷினை நான்தான் எடுத்துப் போகிறேன். கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் மண்ணில் இறங்குகிறேன். தோட்டத்தில் யார் காலில் முள் குத்தினாலும், ஆணி குத்தினாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். பயம் இன்னும் வருகிறது. வந்தால் அதை மூடி வைப்பதில்லை. ஆண்டவர் முன்னால் அவிழ்த்து வைக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு முடிச்சு இருந்தால் நீங்களும் அவர் முன்னால் அவிழுங்கள். என் பிள்ளையைக் காப்பாற்றியவர் உங்களையும் கைவிடமாட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் செபஸ்தி மாமா கடைசியில் வாய் திறக்க முடியாமல் போனார். செபிக்க நினைத்திருப்பார். உதடு அசையவில்லை. கண்ணில் பயம் மட்டும் இருந்தது. அவரால் சொல்ல முடியாமல் போன செபத்தை, அவருக்காக நீங்கள் எல்லோரும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.