என் குரலை எடுத்துவிடு

சனிக்கிழமை காலை மகளைக் கணக்கு வகுப்பில் விடுவதற்காக டோல்வேயில் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதிமூன்று வயது. காரில் ஏறினால் முதல் வேலையாகத் தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்துவிடுவாள். அன்றைக்கு அவள் போட்டது ஒரு சிந்த்-பாப் பாட்டு. மெஷின் தாளம், அடியில் உறுமும் பேஸ், மேலே ஓர் ஆணின் சோம்பலான ஆங்கிலக் குரல். பிரிட்டனைச் சேர்ந்த இருவர் குழு, பள்ளியில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றாள். நான் தலையாட்டினேன். பாட்டின் நடுவில் தாளம் நின்றது. வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் ஹம்மிங் செய்தாள். நாலு வரி, இரண்டு தடவை.

அது என் குரல்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு மெத்தைக் கடையின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன்.

“அம்மா, வொய் ஆர் வீ ஸ்டாப்பிங்?”

“அதைத் திரும்பப் போடு.”

“யூ லைக் இட்?”

“போடுடி.”

இரண்டாவது தடவையும் அது நான்தான். மூன்றாவது வரியில் மூச்சு பற்றாமல் நான் லேசாக இழுப்பதுகூட அப்படியே இருந்தது. “இது என் வாய்ஸ்” என்றேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அம்மா, ப்ளீஸ். தட்ஸ் ஸோ க்ரிஞ்ச். அண்ட் ஐ’ம் லேட்.”

அவளை வகுப்பில் விட்டுவிட்டு, அது முடியும்வரை காரிலேயே உட்கார்ந்து என் போனில் அந்தக் குழுவைத் தேடினேன். உயரமான ஒரு வெள்ளைக்காரன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் ஒட்ட வெட்டிய முடியுமாக ஓர் இந்தியப் பெண். பத்திரிகைகள் எல்லாம் ‘பிரிட்டிஷ் டூயோ’ என்று எழுதியிருந்தன. அந்த பிரிட்டிஷ்காரிக்கு ஊர் ஈரோடு. எனக்கு நன்றாகத் தெரியும், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இரண்டு வருடம் அவளோடு ஒரே அபார்ட்மெண்டில் இருந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் எம்.எஸ். படிக்க வந்தவர்கள். நான் சென்னை. வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு இரண்டு நாள் திரும்பிப் பார்க்க மாட்டாள். என் ஷாம்பூவை எடுத்துத் தீர்ப்பாள். கேட்டால், “தண்ணி ஊத்தி ரொப்பி வெச்சிருக்கேன்ல, என்னத்துக்குக் கத்தற?” என்பாள்.

படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போன ஒரு மாணவனிடமிருந்து அவள் ஒரு பழைய சிந்தசைசரை வாங்கி வந்தாள். அதன் பிறகுதான் நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். அவளுக்குப் பாட வராது, சுருதியே நிற்காது. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து அவள் எழுப்பிய சத்தங்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மழைக்கு முன்னால் வயிற்றைப் பிசைவது போல ஒன்று. கண்ணாடிமேல் ஈர விரலால் தேய்ப்பது போல இன்னொன்று. எனக்கு ஒன்பது வருடம் பாட்டு வகுப்பு உண்டு. குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கிய க்ளோசெட்டுக்குள் என்னை நிற்க வைத்து, வாசலில் ஒரு போர்வையைக் கட்டி, “ராகம் கீகம் வேண்டாம் புள்ள, சும்மா பாடு” என்பாள். அப்படிப் பதினோரு துண்டுகள் செய்தோம். பேஸ் பாட்டை விழுங்குகிறது என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவள் ஒவ்வொரு தடவையும் அதை இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள்.

அதில் ஒன்றை என்னைக் கேட்காமல் இணையத்தில் போட்டாள். என் பெயரும் இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். யாரோ ஒரு சித்தப்பா மகன் அதைக் கண்டுபிடித்து வீட்டில் போட்டுக் காட்ட, அம்மா சென்னையிலிருந்து போன் செய்தாள்.

“என்னடி முனகல் இது? வரப்போற சம்பந்தி காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க?”

முனகல் என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பு கூசிவிட்டது. அன்றைக்கே ஈரோட்டுக்காரியிடம் கத்தினேன். அதை எடு, மற்ற எல்லாவற்றையும் அழி, என் பெயரை வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன், உனக்கென்று ஒரு குரல் கிடையாது, அதனால் அடுத்தவள் குரலைப் பிடித்துத் தொங்குகிறாய் என்றேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, ஃபோல்டரைக் காட்டி, டெலீட் பண்ணினாள்.

“போதுமா?” என்றாள்.

போதும் என்றேன்.

எனக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. பக்கத்து ஊரான ப்ளேனோவில் வீடு. அவளுக்கு ஹெச்-ஒன் விசா லாட்டரியில் இரண்டு தடவையும் விழவில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஓர் ஊரில் சாஃப்ட்வேர் வேலை தேடிக்கொண்டு போனாள். விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். வழி முழுக்க ரேடியோ ஓடியது.

அடுத்த வருடம் ஓர் ஈமெயில் வந்தது. அங்கே சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலை செய்யும் ஒருவன் நன்றாகப் பாடுகிறான், இருவரும் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம், ஒரு பப்பில் பதினான்கு பேர் முன்னால் வாசித்தோம், அதில் மூன்று பேர் அவன் குடும்பத்தார் என்று எழுதியிருந்தாள். ‘வாழ்த்துகள்’ என்று பதில் போட்டேன். வீடியோவையும் பார்த்தேன். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்க, இவள் ஓரத்தில் குனிந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது எங்கேயும் போகாது என்று தெரிந்ததில் வந்த சந்தோஷம்.

அது போனது. பப்பிலிருந்து சின்ன அரங்கம், பிறகு வேறொரு பெரிய குழு மேடையேறுவதற்கு முன்னால் அரை மணி நேரம். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு சனி, ஞாயிறு மத்தியானங்களில் உட்கார்ந்து பார்த்தேன். பொய்ப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அவர்களுடைய ஒவ்வொரு வீடியோவின் கீழும் எழுதினேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய இசையைச் சூடு பண்ணித் தருகிறார்கள் என்று. அவன் பாடுவது பல் வலியோடு பாடுவது போல இருக்கிறது என்று. பேஸ் பாட்டை விழுங்குகிறது என்று. எழுதி முடித்ததும் பசி எடுக்கும், எழுந்து போய்ச் சாப்பிடுவேன். லண்டன் ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்த செய்தியைப் படித்த அன்று அந்தக் கணக்கை மூடினேன். அவள் பக்கம் போவதையும் நிறுத்தினேன். வீட்டில் யாரிடமும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தப் பெரிய பாட்டு என் காதில் விழாமல் இருந்திருக்கிறது.

அன்று காரில் உட்கார்ந்து அவர்களுடைய பேட்டிகளைப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பெண் கேட்டாள், நடுவில் வரும் அந்தக் குரல் யாருடையது? அவன் சிரித்தான். பழைய ரெக்கார்டிங் ஒன்றில் கிடைத்தது, யாரோ ஒரு பெண், யாரென்று தெரியாது, பேய் மாதிரி இல்லையா என்றான். பக்கத்தில் அவள் இருந்தாள். கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

அவளுடைய பழைய ஈமெயிலுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன். என் குரலை எடுத்துவிடு.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. டல்லாஸில் வாசிக்க வருகிறோம், நேரில் பேசலாம்.

ப்ளேனோவில் இந்தியக் கடைகள் இருக்கும் வளாகத்தில் ஒரு டிபன் கடையைச் சொன்னேன். வேலை நாள், மத்தியானம் மூன்று மணி, கூட்டம் இல்லை. அவள் அந்த ஆளையும் கூட்டி வந்திருந்தாள். நேரில் பார்க்க அவனுக்குக் கழுத்து நீளம். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் குரல்தான் எங்கள் பாட்டின் ஆன்மா என்று ஆங்கிலத்தில் சொன்னான். பேய்க்கு ஆன்மா இருக்குமா என்று கேட்டேன். அவன் முகம் சிவந்தது. அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

“அவனை விடு” என்றாள் அவள். “அவனுக்கு நான் சொல்லவே இல்ல. உன் பேர வெளிய சொன்னா கொன்னுபோடுவேன்னு சொன்னவ நீதான.”

“டெலீட் பண்றேன்னு என் கண்ணு முன்னாடி பண்ணினியே, அது?”

“பண்ணேன். வேற காப்பி இருந்துச்சு.”

“திருடி.”

“ஆமா, திருடித்தான்” என்றாள். காபியை ஒரு வாய் குடித்தாள். “நீ என்ன பெரிய யோக்கியமா? அஞ்சு வருஷம் எங்க வீடியோ கீழ வாந்தி எடுத்தது யாரு?”

நான் என் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“பேஸ் பாட்ட விழுங்குதுன்னு எழுதியிருந்தியே, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. லோகத்துல வேற எவ அப்டிச் சொல்லுவா? நாங்க ரெண்டு பேரும் வேன்ல போறப்ப அத வாசிச்சுக் காட்டுவேன். பல்லு வலின்னு எழுதுனதப் படிச்சுட்டு இவன் ஒரு வாரம் பாடல, தெரியுமா?”

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிட்டது போலும். சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஸாரி” என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

“சரி, உன் பேரைப் போடறேன்” என்றாள் கடைசியில். “ஆல்பத்துல, எல்லா எடத்துலயும்.”

“வேண்டாம்.”

“அப்ப இன்னிக்கு மேடையில வந்து பாடு.”

“வேண்டாம்.”

“அப்பறம் உனக்கு என்னதான்டி வேணும்?”

“எடுத்துடு. என் குரல் இல்லாம நீ ஜெயிச்சுக் காட்டு. முடியுதான்னு நான் பாக்கணும்.”

அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. இந்தப் பதினாறு வருடத்தில் அவளுக்கும் வயதாகியிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். “செய்யறேன்” என்று எழுந்தாள். அவன் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சொன்னபடியே செய்தாள். ஆறு வாரத்தில் அந்தப் பாட்டு புதிதாக வந்தது. நடுவில் இப்போது அவனே ஹம் செய்தான். தட்டையாக, உயிரே இல்லாமல் இருந்தது. இனி இது சரியும் என்று காத்திருந்தேன். சரியவில்லை, இன்னும் மேலே போனது. கார் விளம்பரம் ஒன்றில் வந்தது. என் ஆபீஸ் ஜிம்மில் ஓடியது. அங்கே ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்த யாரும் நின்று, அந்தப் பெண் எங்கே என்று கேட்கவில்லை.

கேட்டது என் மகள் மட்டும்தான்.

“தே சேஞ்ச்ட் இட்” என்று சமையலறைக்குள் வந்தாள். “த கோஸ்ட் லேடி இஸ் கான். இட்ஸ் ருயின்ட்.”

நான் குக்கரை அணைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். ரிச்சர்ட்சனிலிருந்து டிபன் கடைவரை எல்லாவற்றையும் சொன்னேன், பொய்க் கணக்கைத் தவிர. பெருமைப்படுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல.

“வெயிட். தே ஆஸ்க்ட் யூ டு சிங்? வித் தெம்? அண்ட் யூ செட் நோ?”

“ஆமா.”

“அண்ட் யூ மேட் தெம் டேக் இட் அவுட்?”

“அது என்னோட வாய்ஸ். அவ என்னைக் கேக்கல.”

“யூ குட்’வ் ஜஸ்ட் லெட் இட் பீ தேர்!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவை அறைந்துகொண்டு மாடிக்குப் போனாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காரில் ஏறினால் இயர்போன் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கணவர் அன்று மாலையே மகள் வழியாகக் கேள்விப்பட்டார். “இவ்ளோ வருஷம் ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டார். சொல்ல என்ன இருக்கிறது என்றேன். அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிவி பக்கம் போனார்.

அந்த மாதக் கடைசியில் ஈரோட்டுக்காரியிடமிருந்து ஓர் ஈமெயில் வந்தது. பதினோரு ரெக்கார்டிங்குகளும் அதில் இருந்தன. கீழே இரண்டே வரி. ‘இந்த வாட்டி நெஜமாவே அழிச்சுட்டேன். இது மட்டுந்தான் பாக்கி, நீயே வெச்சுக்கோ.’

ஞாயிற்றுக்கிழமை கணவர் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தபோது முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். என் குரல் நான் நினைத்துவைத்திருந்த அளவுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. பாதி இடங்களில் பயந்துகொண்டு பாடியிருக்கிறேன். அந்தக் குரலைத் தாங்கிப் பிடித்து எங்கோ கொண்டு போனது அவளுடைய சத்தங்கள்தான். இருபத்து மூன்று வயதில், ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு அவள் அதைச் செய்திருக்கிறாள். பேஸ்கூடச் சரியாகத்தான் இருந்தது.

இதை அவளுக்கு எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. அவளுடைய ஈமெயிலை ப்ளாக் பண்ணிவிட்டு, துணி மடிக்க மாடிக்குப் போனேன்.