ஒப்பித்த பக்கம்

அக்கா கண்மூடிய பிறகும் அவளுடைய போன் அடங்கவில்லை. அவளும் அப்படித்தான், ஓரிடத்தில் உட்காரமாட்டாள். "காலில் சக்கரம் கட்டிக்கிட்டுப் பிறந்தவ" என்பார் அத்தான்.

படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய உதவிகளைக் கேட்டு வாங்க, பெற்றோருக்குத் துணையாகப் போவதுதான் அவள் வேலை. மறுநாள் கூட்டம் என்றால் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். தட்டில் சாப்பாடு காயும். எல்லாத் தாய்மாரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளைக்கு எதையும் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வராதீங்க."

பெற்ற மனம் கேட்குமா?

ஒரு தையல்கடைக்காரிக்கு மனம் கேட்கவில்லை. அவள் மகள் வாய்ச்சொல்லில் கெட்டிக்காரி, அச்செழுத்துதான் ஆகாது. வினாத்தாளை வாசித்துக்காட்ட ஓர் ஆளும் கூடுதல் நேரமும் கிடைத்தால்தான் அந்த வருஷப் பரீட்சையைத் தாண்டுவாள். பள்ளிக்கூடக் கூட்டத்தில் சோதிக்க வந்த அதிகாரி அவள் பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தைக் காட்டினார். சிறுமி எங்கும் தடுக்காமல் வாசித்தாள்.

"தண்ணி மாதிரி வாசிக்கிறாளே! இவளுக்கு எதுக்கும்மா உதவி?"

தாய் முகத்தில் பெருமை. கூடப் போயிருந்த நானும் அசந்துபோனேன். அக்காவின் கால் மட்டும் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது. சிறுமியின் விரல் பக்கத்தின் பாதியிலேயே நிற்க, வாய் கடைசி வரியை முடித்திருந்தது.

அக்கா தாயையும் மகளையும் வெளியே அழைத்துப் போனாள்.

"சொல்லிக்குடுத்தியா?"

"எல்லாரும் மக்கு மக்குங்கிறாங்கக்கா. அவர் முன்னாலயாவது..."

"சரி, மானத்தைக் காப்பாத்திட்ட. பரீட்சையன்னிக்கு என்ன பண்ணுவ, ஜன்னல்ல தொங்கிக்கிட்டு ஓதுவியா?"

சிறுமி களுக்கென்று சிரித்தாள். அக்கா அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"செல்லம், வேற பக்கம் குடுக்கச் சொல்லவா? வேணாம்னா வீட்டுக்குப் போயிடலாம்."

சிறுமி தாயைப் பார்த்தாள். "அம்மா அழக்கூடாது. அப்படின்னா சரி."

உள்ளே தாயே வாயைத் திறந்தாள். "நான்தான் சார் மனப்பாடம் பண்ண வச்சேன்."

அதிகாரி வேறொரு பக்கத்தைப் புரட்டினார். முதல் வரியிலேயே சிறுமி நின்றுவிட்டாள். இடையில் புகுந்து பேசிவிடாமல் இருக்க, அக்கா தன் முழங்காலை இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். தாய் அழவில்லை. ஆளும் கிடைத்தது, நேரமும் கிடைத்தது.

இன்று அந்தத் தையல்கடைக்காரி துக்கம் கேட்க வந்திருந்தாள். போன் மறுபடி அடித்தது. யாரோ ஒரு தகப்பன். நாளைக்குக் கூட்டமாம், அக்கா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டான். போனைத் தையல்கடைக்காரியிடம் நீட்டினேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவருக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"அண்ணே, அக்கா தவறிட்டாங்க... ஆமாண்ணே. கூட்டத்தைத் தள்ளிப்போட வேணாம், நான் வர்றேன். ஒண்ணே ஒண்ணு, பிள்ளைக்கு எதையும் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வராதீங்க."